பிரிந்து வாழும் பெற்றோரும் குழந்தை தொடர்பான வருமான வரியும்

பிரிந்து வாழும் பெற்றோரும் குழந்தை தொடர்பான வருமான வரியும் என்பது, மணமுறிவு பெற்றோ பெறாமலோ தனித்தனியே வாழும் தாய், தந்தை ஆகிய இருவரில், அவர்களது பொதுவான குழந்தையை முன்னிட்டு வருமான வரிப் படிவத்தில் சலுகை கோரும் உரிமை யாருக்கு உண்டு, அக்குழந்தையின் பெயரில் வரும் வருமானத்திற்கு வரி செலுத்தும் கடமை யாருக்கு உண்டு என்பவற்றைக் குறித்த சட்டநிலை ஆகும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இவ்வழக்கு பெரும்பாலும் சலுகைக்கான போட்டியாக எழுகின்றது. இந்தியாவில் நிலை பெரிதும் தலைகீழானது. இங்கு ஒரு குழந்தையை வளர்ப்பதற்கென்று தனி வரிக்கழிவு கிடையாது. ஆனால் குழந்தையின் வருமானத்தைப் பெற்றோரில் ஒருவரது வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கும் விதி உண்டு. எனவே குழந்தை "யாருடையது" என்னும் வினா இந்தியாவில் வரிச்சுமை யாருடையது என்னும் வினாவாகவே முதலில் எழுகின்றது.

இக்கட்டுரை இந்தியச் சட்டத்தை, திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி வட்டாரத்துக் குடும்பச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது. பிற நாட்டு முறைகள் இறுதியில் ஒப்பிடப்பட்டுள்ளன.

வரலாறு

இந்திய வருமான வரி தனியாளை அலகாகக் கொண்டது. கணவனும் மனைவியும் கூட்டாக ஒரே படிவம் அளிக்கும் முறை இங்கு இல்லை. குடும்பத்தை வரிவிதிப்பில் கருத்திற்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் மணமானவருக்கு 3,000 ரூபாய் வரையிலும், ஒரு குழந்தை இருப்பின் 3,300 ரூபாய் வரையிலும், இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் 3,600 ரூபாய் வரையிலும் வருமானத்திற்கு வரி இல்லை என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது.

குழந்தையின் வருமானத்தைப் பெற்றோரோடு சேர்க்கும் முறை அதனினும் பழையது. தொழில் நடத்துவோர் தம் பங்கு வருமானத்தை மனைவி மக்கள் பெயருக்குப் பிரித்து எழுதி வரியைக் குறைத்துக் கொள்வதைத் தடுக்கும்பொருட்டு, 1922 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 1937 இல் 16(3) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கூட்டு வணிகத்தில் பங்காளியாக உள்ள ஒருவரின் இளவயதுக் குழந்தையும் அவ்வணிகத்தின் ஆதாயத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டால், குழந்தையின் பங்கு அந்த ஒருவரின் வருமானமாகவே கருதப்படும் என்பது இதன் சாரம்.

அந்த "ஒருவர்" தாயாகவும் இருக்கலாமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சோத்ரா தேவி வழக்கில் (1957), அச்சொல் ஆணை மட்டுமே குறிக்கும் என்றும், ஆகவே தந்தையின் வருமானத்தோடு மட்டுமே குழந்தையின் வருமானத்தைச் சேர்க்க இயலும் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. வரி கட்டுபவர் தந்தை, தாய் அல்லர் என்ற எண்ணம் அக்காலச் சட்டத்தில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு இத்தீர்ப்பு நல்ல சான்று. இந்தப் பிரிவே அரசியலமைப்பிற்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட பாலாஜி வழக்கில் (1961), வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டம் என்ற அடிப்படையில் பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இன்றுள்ள விதியின் வடிவம் 1992 இல் உருவானது. பொருளியல் அறிஞர் ராஜா செல்லையா தலைமையில் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1992 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 64(1ஏ) பிரிவைச் சேர்த்தது. கூட்டு வணிக வருமானம் மட்டுமன்றி, இளவயதினரின் ஏறக்குறைய எல்லா வருமானமும் பெற்றோரில் ஒருவரோடு சேர்க்கப்படும் என்றாயிற்று. இது 1993-94 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதன் நடைமுறைத் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1 ஆகும். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்னும் இரட்டை வழக்கு நீங்கி "வரி ஆண்டு" என்னும் ஒரே சொல் வந்தது. பழைய 80சி பிரிவின் பொருள் புதிய சட்டத்தின் 123 ஆம் பிரிவில் அமைந்துள்ளது. தீர்ப்புகளும் நூல்களும் பழைய எண்களையே குறிப்பதால் இக்கட்டுரையிலும் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களே எடுத்தாளப்படுகின்றன.

குழந்தையின் வருமானம் யாரோடு சேரும்

64(1ஏ) பிரிவின்படி, 18 வயது நிரம்பாத குழந்தையின் பெயரில் வரும் வட்டி, வாடகை, பங்காதாயம் முதலிய வருமானங்கள் பெற்றோரில் ஒருவரது மொத்த வருமானத்தோடு சேர்க்கப்படும். "குழந்தை" என்னும் சொல் மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை வழிக் குழந்தையையும் தத்துக் குழந்தையையும் உள்ளடக்கும். குழந்தை தன் உடலுழைப்பால் ஈட்டியது, தன் திறமை, கலை, சிறப்பறிவு ஆகியவற்றால் ஈட்டியது ஆகியவை சேரா. திரைப்படத்தில் நடித்தோ மேடையில் பாடியோ பெற்ற ஊதியம் குழந்தையின் கணக்கிலேயே நிற்கும். அந்த ஊதியத்தை வங்கியிலிட்டு வரும் வட்டி பெற்றோர் கணக்கில் சேரும். 80யு பிரிவில் கூறப்பட்ட மாற்றுத்திறன் உடைய குழந்தையின் வருமானமும் சேர்க்கப்படுவதில்லை.

இருவரில் எவரோடு சேர்ப்பது என்பதற்குச் சட்டம் இரு விளக்கங்களைத் தருகின்றது.

திருமண உறவு நிலைத்திருக்குமானால், குழந்தையின் வருமானத்தை நீக்கிக் கணக்கிடும்போது எவரது மொத்த வருமானம் மிகுதியோ அவரோடு சேர்க்க வேண்டும். திருமண உறவு நிலைத்திராவிடில், அவ்வாண்டில் குழந்தையைப் பராமரிப்பவரோடு சேர்க்க வேண்டும்.

ஒருமுறை ஒருவரோடு சேர்க்கப்பட்டுவிட்டால், அடுத்த ஆண்டுகளில் மற்றவரோடு சேர்ப்பதற்கு, அந்த மற்றவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, அது தேவை என்று மதிப்பீட்டு அலுவலர் நிறைவு கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வருமானம் குறைந்தவர் பக்கம் குழந்தையை நகர்த்தி வரியைக் குறைப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். பெற்றோர் இருவருமே உயிரோடில்லாத குழந்தையின் வருமானத்தைத் தாத்தாவோடோ வேறு பாதுகாவலரோடோ சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. அது குழந்தையின் பெயரிலேயே மதிப்பிடப்படும்.

இவ்வாறு சேர்க்கப்படும் வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 1,500 ரூபாய் வரை 10(32) பிரிவின்படி வரிவிலக்கு உண்டு. 1992 இல் விதிக்கப்பட்ட இத்தொகை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்த்தப்படவில்லை. அன்று ஓரளவு பொருளுடையதாக இருந்த இத்தொகை இன்று பெயரளவினதே.

"நிலைத்திருக்கும் திருமணம்" என்பதன் சிக்கல்

சட்டம் பிரிந்து வாழ்தலைப் பற்றிப் பேசவில்லை. திருமண உறவு சட்டப்படி நிலைத்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கின்றது. பத்தாண்டு தனித்து வாழ்ந்தாலும், மணமுறிவுத் தீர்ப்பாணை இல்லாதவரை இருவரும் கணவன் மனைவியே. 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அளிக்கும் பிரிந்து வாழ்வதற்கான ஆணையும் திருமணத்தை முறிப்பதில்லை. ஆகவே இத்தகையோர்க்கு முதல் விளக்கமே, அதாவது மிகுதியான வருமானம் என்னும் அளவுகோலே பொருந்தும். குழந்தையை வளர்ப்பவர் யார் என்பது கணக்கில் வராது.

தென் மாவட்டங்களில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சீர்வரிசைப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டுப் பிரியும் வழக்கம் பல சமூகங்களில் இருந்து வந்துள்ளது. "தீர்த்து விட்டார்கள்" என்று ஊர் இதைக் கூறும். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றுகின்றது என்பது உண்மையே. ஆனால் அத்தகைய வழக்காறு அச்சமூகத்தில் தொன்றுதொட்டுத் தொடர்ந்து நிலவி வருவதை, அதனை நம்பி வாதிடுபவரே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். பத்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "எங்கள் திருமணம் முடிந்துவிட்டது" என்று வரி அலுவலரிடம் கூறுவது போதிய சான்றாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

நாங்குநேரி, திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த வட்டத் தலைநகர். வானமாமலைப் பெருமாள் கோயிலால் அறியப்படும் ஊர். களக்காடு, ஏர்வாடி முதலிய ஊர்கள் இவ்வட்டத்தைச் சேர்ந்தவை. நெல்லும் வாழையும் பயிராகும் இப்பகுதியிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றோர் பலர்.

இவ்வூரில் தன் பெற்றோர் வீட்டில் மகளுடன் வாழும் ஆசிரியை ஒருவரையும், சென்னையில் பணிபுரியும் அவர் கணவரையும் கற்பனையாகக் கொள்வோம். இருவரும் பிரிந்து வாழ்கின்றனர், மணமுறிவு ஆகவில்லை. நிலைக்கழிவு முதலியன போகத் தாயின் வருமானம் 6,00,000 ரூபாய், தந்தையின் வருமானம் 12,00,000 ரூபாய். தாய்வழித் தாத்தா நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பேத்தியின் பெயரில் நிரந்தர வைப்பாக இட்டிருக்கிறார். ஆண்டு வட்டி 40,000 ரூபாய். இருவரும் புதிய வரிமுறையில் உள்ளனர். ஆண்டு 2025-26.

தந்தையின் வருமானம் தனித்து நின்றால் 12 இலட்சம் வரையுள்ள தள்ளுபடியால் அவர் வரி கட்ட வேண்டியதில்லை. மகளின் வட்டி அவரோடு சேர்ந்ததும் மொத்தம் 12,40,000 ஆகின்றது. அட்டவணைப்படி வரி 66,000 ரூபாய். 12 இலட்சத்தைச் சற்றே கடந்தோர்க்கான விளிம்புநிலை நிவாரணத்தால் அது 40,000 ஆகக் குறைகின்றது. 4 விழுக்காடு மேல்வரி 1,600 ரூபாய் சேர்ந்து 41,600. அதாவது, தாத்தா பேத்திக்கு வைத்த பணத்தின் ஓராண்டு வட்டி முழுவதும், அதற்கு மேல் 1,600 ரூபாயும், அப்பணத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத தந்தையின் மீது வரியாக விழுகின்றது. வைப்புச் சான்று தாயிடமும் வரி தந்தையிடமும் இருக்கும் நிலை இது. அப்படியொரு வைப்பு இருப்பதே தந்தைக்குத் தெரியாமலும் போகலாம். தெரியாமை வரிக்கடனை நீக்காது.

மணமுறிவு ஆகி, தாயே மகளைப் பராமரிக்கிறார் என்றால் அதே 40,000 ரூபாய் தாயின் கணக்கில் சேரும். அவரது மொத்த வருமானம் 6,40,000. தள்ளுபடி வரம்பிற்குள் உள்ளதால் வரி ஒன்றுமில்லை.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களாயின் கணக்கு வேறு. 1,500 ரூபாய் விலக்குப் போக 38,500 ரூபாய்க்கு வரி விதிக்கப்படும். கழிவுகள் போக 12 இலட்சம் நிற்கும் தந்தைக்கு 30 விழுக்காட்டு வீதத்தில் மேல்வரியுடன் 12,012 ரூபாயும், 6 இலட்சம் நிற்கும் தாய்க்கு 20 விழுக்காட்டு வீதத்தில் 8,008 ரூபாயும் ஆகும்.

தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்து, வரிச்சட்டப்படி வெளிநாடு வாழ்பவராக இருந்தால் விடை மீண்டும் மாறும். ஒப்பிடப்படுவது கையில் வாங்கும் சம்பளம் அன்று. இந்தியச் சட்டப்படி கணக்கிடப்படும் மொத்த வருமானம். வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெறும் ஊதியம் வெளிநாடு வாழ்பவரின் மொத்த வருமானத்தில் சேர்வதில்லை. எனவே துபாயில் பெருஞ்சம்பளம் பெறும் தந்தையைவிட நாங்குநேரியில் ஆசிரியையாக உள்ள தாயின் "மொத்த வருமானம்" மிகுதி என்றாகி, திருமணம் நிலைத்திருக்கும்போதும் மகளின் வட்டி தாயோடு சேரும்.

குழந்தையின் பெயரில் உள்ள வயல், வாழைத்தோட்டம் ஆகியவற்றின் வேளாண் வருமானத்திற்கு நடுவணரசின் வருமான வரி இல்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் சேர்க்கை விதி பெரும்பாலும் வங்கி வட்டியையும் கட்டட வாடகையையுமே தொடுகின்றது.

வங்கி குழந்தையின் பெயரில் பிடித்த வரியை, வருமானம் எவரோடு சேர்க்கப்படுகிறதோ அவரே தம் கணக்கில் வரவாகக் கோரலாம். அதற்கு வங்கியிடம் உரிய அறிவிப்புக் கொடுத்து, வரிப்பிடித்தம் அவர் பெயரில் பதிவாகச் செய்ய வேண்டும். பிரிந்து வாழ்வோரிடையே இது நடவாமல் பிடித்த வரி எவருக்கும் பயன்படாமல் கிடப்பது உண்டு.

"பராமரிப்பவர்" யார்

மணமுறிவுக்குப் பின் வரும் அளவுகோல் பராமரிப்பு. இச்சொல்லுக்கு வருமான வரிச் சட்டத்தில் வரையறை இல்லை. குழந்தை யாரிடம் வாழ்கிறது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. யார் பராமரிக்கிறார் என்றே கேட்கிறது. குழந்தை தாயிடம் இருக்க, நீதிமன்ற ஆணைப்படி செலவு முழுவதையும் தந்தை அனுப்புவாராயின் இருவருமே தாமே பராமரிப்பவர் என்றோ, அவரே பராமரிப்பவர் என்றோ வாதிட இயலும். சேர்க்கை என்பது சுமை ஆதலால், குழந்தை நல வழக்கில் "நானே வளர்க்கிறேன்" என்று வாதிட்டவரே வரி அலுவலகத்தில் "அவரே வளர்க்கிறார்" என்று கூறும் முரண் இங்கு தோன்றக்கூடும். விடை ஒவ்வொரு குடும்பத்தின் உண்மை நிலையைப் பொறுத்தது. ஆணை நகல், வங்கிப் பதிவுகள், பள்ளிச் சீட்டுகள் ஆகியவையே சான்றுகள்.

பராமரிப்புக் கடமையைப் பிற சட்டங்கள் வரையறுக்கின்றன. 1956 ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு தாய், தந்தை இருவர் மீதும் அக்கடமையைச் சுமத்துகின்றது. எம்மதத்தவரும் நாடக்கூடிய வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆம் பிரிவாக உள்ளது. பழைய சட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்ச வரம்பு 2001 இல் நீக்கப்பட்டது. கணவர் எங்கிருந்தாலும் மனைவி தாம் வாழும் இடத்து நீதிமன்றத்தில் இம்மனுவைத் தாக்கல் செய்யலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நாங்குநேரியில் நீதிமன்றமும், மாவட்டத் தலைநகர் திருநெல்வேலியில் குடும்பநல நீதிமன்றமும் உள்ளன. மேல்முறையீடுகள் 2004 இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரஜனேஷ் எதிர் நேகா வழக்கில், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் தம் சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. குழந்தைகளின் கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும் என்றும், தாயும் போதிய வருமானம் உடையவராயின் விகிதப்படி பகிரலாம் என்றும் கூறியது. இதன்பின் வரிப் படிவத்தில் எழுதுவதும் நீதிமன்றத்தில் எழுதுவதும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும் நிலை வந்துள்ளது.

குழந்தைக்கென்று தந்தை தரும் பணம் குழந்தைக்கு வருமானமாகாது. நேர்வழி முன்னோர் தருவது உறவினர் கொடை என்ற விலக்கில் அடங்கும். முன்னாள் மனைவிக்கென்று மாதந்தோறும் தரப்படும் தொகை வேறு. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் (1984) பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரே தவணையில் பெற்ற தொகை மூலதன வரவு என்றும், மாதந்தோறும் பெறுவது வரிக்குரிய வருமானம் என்றும் பிரித்துக் காட்டியது. இரண்டிலுமே கொடுப்பவருக்கு வரிக்கழிவு இல்லை. ஆகவே ஆணையில் குழந்தையின் பங்கும் மனைவியின் பங்கும் தனித்தனியே குறிக்கப்படுவது பின்னாளில் பயன் தரும்.

கோரக்கூடிய சலுகைகள்

பள்ளி, கல்லூரிக் கற்பிப்புக் கட்டணத்திற்கான கழிவே இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. 2003 இல் 88 ஆம் பிரிவின் கீழ்க் குழந்தை ஒன்றுக்கு 12,000 ரூபாய் வரம்புடன் தொடங்கிய இது, 2005 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் 80சி பிரிவிற்கு மாறியது. அப்பிரிவின் பிற சேமிப்புகளையும் சேர்த்து மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். இந்தியாவிலுள்ள கல்வி நிறுவனத்தில் முழுநேரக் கல்விக்கு, எவையேனும் இரு குழந்தைகளுக்குச் செலுத்திய கற்பிப்புக் கட்டணம் மட்டுமே கழியும். வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை ஆகியவை கழியா.

இங்கு பிரிந்த பெற்றோருக்கு ஒரு நன்மை உண்டு. குழந்தை தம்மோடு வாழ வேண்டும் என்றோ, தம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்றோ பிரிவு கேட்பதில்லை. தாம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. முதல் பருவக் கட்டணத்தைத் தாயும் இரண்டாம் பருவக் கட்டணத்தைத் தந்தையும் செலுத்தினால் அவரவர் செலுத்திய அளவிற்கு இருவரும் கோரலாம். இருவர் எனும் வரம்பும் ஒவ்வொருவருக்கும் தனியே உரியது. ஒரே சீட்டை இருவரும் காட்டுவதே தவறு. தந்தை பராமரிப்புத் தொகையாக அனுப்பிய பணத்தைக் கொண்டு தாய் கட்டணம் செலுத்தினால், செலுத்தியவர் தாய் என்பதால் கழிவு தாய்க்கு உரியது. கழிவை விரும்பும் தந்தை பள்ளியின் கணக்கிற்கு நேரே செலுத்திச் சீட்டுப் பெறுவதே வழி. சேர்ந்து மணமுறிவு கோரும் மனுவிலேயே கட்டணம் செலுத்துபவர் யார் என்பதை எழுதி வைப்பது பிற்காலப் பிணக்கைக் குறைக்கும்.

மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கான 80டி கழிவு, சார்ந்து வாழும் குழந்தைகளுக்குச் செலுத்துபவருக்கு உண்டு. ரொக்கமாகச் செலுத்தினால் இல்லை. மாற்றுத்திறன் உடைய குழந்தையின் பராமரிப்புக்கான 80டிடி கழிவு 75,000 ரூபாய், கடுமையான நிலையில் 1,25,000 ரூபாய். இதற்குக் குழந்தை முழுவதுமாகவோ பெரும்பான்மையாகவோ கோருபவரைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதால் பிரிந்த பெற்றோரிடையே உண்மையான போட்டி இக்கழிவில்தான் எழக்கூடும். பணியாளர்க்கு 1962 ஆம் ஆண்டு விதிகள் அளித்த குழந்தைக் கல்விப்படி விலக்கு மாதம் 100 ரூபாய், விடுதிப்படி விலக்கு மாதம் 300 ரூபாய்; இரு குழந்தைகளுக்கு மட்டும்.

2020 இல் அறிமுகமாகி 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக ஆக்கப்பட்ட புதிய வரிமுறையில் மேற்கூறிய சலுகைகள் எவையும் இல்லை. 1,500 ரூபாய் விலக்கும் இல்லை. ஆனால் குழந்தையின் வருமானத்தைச் சேர்க்கும் விதி மட்டும் அங்கும் தொடர்கின்றது.

குழந்தையின் பெயரிலான சேமிப்புகள்

2015 சனவரியில் தொடங்கப்பட்ட சுகன்யா சம்ரிதி (தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் செல்வமகள் சேமிப்பு) கணக்கை, 10 வயதிற்குட்பட்ட பெண் குழந்தை ஒருவருக்கு ஒன்று மட்டுமே தொடங்கலாம். தாயும் தந்தையும் ஆளுக்கொன்று தொடங்க இயலாது. ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை செலுத்தலாம். வட்டிக்கு வரி இல்லை. முன் எடுத்துக்காட்டில் தாத்தாவின் பணம் நிரந்தர வைப்பாக இல்லாமல் தாய் தொடங்கிய இக்கணக்கில் ஆண்டுதோறும் சிறுகச் செலுத்தப்பட்டிருந்தால், சேர்க்கைச் சிக்கலே எழுந்திராது. தாத்தா பாட்டிகள் தாமே பாதுகாவலராக நின்று தொடங்கிய கணக்குகளை இயற்கைப் பாதுகாவலர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயருக்கு மாற்ற வேண்டும் என 2024 இல் நடுவண் நிதியமைச்சகம் அறிவுறுத்தியது.

இயற்கைப் பாதுகாவலர் யார் என்பதும் நெடுங்காலம் தாய்க்கு எதிராகவே இருந்தது. 1956 ஆம் ஆண்டு இந்து இளவயதினர் பாதுகாவலர் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, தந்தை, அவருக்குப் பின் தாய் என்று கூறுகின்றது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் 9 விழுக்காட்டு நிவாரணப் பத்திரம் வாங்கத் தாமே பாதுகாவலராக விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று விண்ணப்பம் திருப்பப்பட்டது. அவர் தொடுத்த வழக்கிலும், மணமுறிவு வழக்கு நிலுவையில் இருந்த வந்தனா சிவா தொடுத்த வழக்கிலும் 1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "பின்" என்பது தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்று பொருள்படாது. தந்தை குழந்தையின் பொறுப்பில் இல்லாதபோது என்றே பொருள்படும் என்று அது விளக்கியது. பிரிந்து வாழும் தாய்மார் குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க இத்தீர்ப்பே அடிப்படை. நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்தில், தாய் தனித்து வளர்க்கும் பிள்ளைகள் தந்தை பெயரைத் தரவேண்டிய கட்டாயம் 2018 டிசம்பர் 5 முதல் நீக்கப்பட்டது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குழந்தையை ஓராண்டில் ஒருவரே சார்ந்தவராகக் காட்டலாம். ஆண்டின் இரவுகளில் மிகுதியானவற்றைக் குழந்தை யாரோடு கழித்ததோ அவரே உரியவர். இரவுகள் சமமாயின் வருமானம் மிகுந்தவர். உரியவர் 8332 ஆம் எண் படிவத்தில் கையொப்பமிட்டுக் குழந்தை வரி வரவை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். ஈட்டிய வருமான வரவை அவ்வாறு விட்டுக்கொடுக்க இயலாது. 1987 ஆம் ஆண்டுப் படிவத்திலிருந்து ஐந்து வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கப்பட்டதும், சார்ந்தவர்களாகக் காட்டப்பட்டோர் எண்ணிக்கை சுமார் 70 இலட்சம் குறைந்தது. இல்லாத குழந்தைகளோடு, பிரிந்த பெற்றோர் இருவராலும் இருமுறை எண்ணப்பட்ட குழந்தைகளும் இதில் அடங்குவர்.

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவில், 2016 சூலை முதல் வழங்கப்படும் குழந்தை உதவித்தொகையை, குழந்தை ஏறத்தாழச் சமமான காலம் இருவரிடமும் வாழ்ந்தால் (40 முதல் 60 விழுக்காடு) இருவரும் பாதிப் பாதியாகப் பெறுவர். மலேசியாவில் குழந்தைக்கான கழிவைப் பிரிந்த பெற்றோர் இருவரும் கோரினால் தலைக்குப் பாதி. சிங்கப்பூரில் குழந்தை ஒன்றுக்கு 4,000 வெள்ளி கழிவைத் தாயும் தந்தையும் தமக்குள் ஒத்துக்கொண்ட விகிதத்தில் பகிரலாம். பணிபுரியும் தாய்க்கான கழிவு மட்டும், மணமுறிவு பெற்றிருந்தாலும், தாய்க்கே உரியது.